குளம் வான் பாய்ந்த அன்று நின்றுபோன வான்

வடஇலங்கையின் வன்னியில் 'வான்' என்ற சொல்லைச் சற்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் யாராவது "வான் பாயுது" என்றால் குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வெளியே போகிறது என்று பொருள். மற்ற மாதங்களில் வான் என்றால் நாலு சில்லு வைத்த வண்டி. எங்களுக்கு இரண்டும் ஒரே பின்னேரத்தில் ஒரே தாம்போதியில், அதாவது ஓடைத் தண்ணீர் வீதிக்கு மேலாகக் கடக்கும் தாழ்ந்த இடத்தில், சந்தித்துக்கொண்டன. வண்டி தண்ணீருக்கு நடுவே நின்றது. சொந்தக்காரர் எல்லோரும் "வெள்ளத்துக்குள்ள விட்டு நிண்டுபோச்சாம்" என்றே இன்றுவரை கதைக்கிறார்கள். வெள்ளத்துக்குள் விட்டது உண்மைதான். ஆனால் வண்டியை நிறுத்தியது மூன்று மாதத்துக்கு முன் என் கையால் சுற்றிய ஒரு சாண் ரேப்.

நான் வவுனியாவில் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். மின்சாரம் தெரிந்தவன் என்ற தைரியத்தில் செய்த வேலைதான் எங்களை நடுவழியில் விட்டது. அதனால் இதை ஒரு ஒழுங்கில் எழுதி வைக்கிறேன். யாராவது பழைய வானை வீடாக மாற்றிக்கொண்டு மாரியில் கிளம்பினால் உதவும்.

வண்டி

1989இல் வந்த டொயோட்டா ஹைஏஸ் தலைமுறையைச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் டொல்பின் என்றால்தான் தெரியும். 3எல் டீசல் என்ஜின், 2,779 சிசி, கைக் கியர். என்ஜின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கினால் கை போடலாம். மழைக்குள் நனையாமல் வேலை செய்ய இதைவிட வசதியான வண்டி இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

வீடாக்கும் யோசனை என் மனைவியின் அண்ணனுடையது. கனடாவில் இருக்கிறார். அங்கே மோட்டர்ஹோம் என்று குளியலறையோடு வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார்களாம். அந்த அளவுக்கு எங்களால் முடியாது. பின் ஆசனங்களைக் கழற்றி ஒரு படுக்கை, ஒற்றை அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன 12 வோல்ற் குளிர்பெட்டி, ஒரு மின்விசிறி. இவற்றுக்கெல்லாம் படுக்கைக்குக் கீழே 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்று தனியாக. அதை வீட்டுப் பற்றரி என்போம். என்ஜினை ஸ்ராட் செய்யும் பற்றரி வேறு. வண்டி ஓடும்போது இரண்டும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வழியாக இணையும். என்ஜின் சுழற்றும் மின்பிறப்பாக்கியான ஒல்டனேட்டர் இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் செய்யும். நின்றால் பிரியும். இரவில் விசிறி ஓடி வீட்டுப் பற்றரி செத்தாலும் காலையில் வண்டி ஸ்ராட் ஆகும். கணக்கு இதுதான்.

அந்த ரிலேயை எது இயக்குவது என்பதில்தான் கோளாறு ஆரம்பித்தது. சரியான முறை, ஒல்டனேட்டர் உண்மையில் சார்ஜ் செய்கிறது என்று சொல்லும் வயரிலிருந்து எடுப்பது. அதைச் செய்யத்தான் ஒல்டனேட்டரின் மூன்று முனைப் பிளக்கைக் கழற்றினேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக். பூட்டும் கொழுக்கி கையோடு வந்துவிட்டது. சரி, இதைத் தொட வேண்டாம் என்று பிளக்கைத் திரும்பச் சொருகி, விழாமல் இருக்க இன்சுலேசன் ரேப் சுற்றிவிட்டு, ரிலேக்குச் சாவித் துவாரத்திலிருந்து கரண்ட் எடுத்தேன். அதாவது சாவி திருப்பப்பட்டிருந்தால் இரண்டு பற்றரியும் ஒன்று. ஒல்டனேட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று ரிலே கேட்காது.

ஒரே வேலையில் இரண்டு பிழை. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டையும் சமாளித்திருக்கலாம்.

முதல் நாள்

வண்டியில் நான், மனைவி, மச்சான், அவருடைய பதினான்கு வயது மகன். கார்த்திகை கடைசிக் கிழமை. வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டித் தீர்க்கும் என்று தெரியாதவர்கள் அல்ல நாங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டபோது கிளிநொச்சியில் உறவினர் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவன் நான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதும் நினைவிருக்கிறது. ஆனாலும் மச்சானின் லீவு அப்போதுதான். வெளிநாட்டு லீவுக்கு மாரி கோடை தெரியாது.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதியில் தூறலோடு போனோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மறுபடி ஏறினோம். கிளிநொச்சிக்குள் நுழைவதற்குச் சற்று முன் வீதியோரம் தேங்கிய தண்ணீரில் இடது சில்லுகள் இறங்கியபோது டாஷ்போர்டில் பற்றரி லைற் மினுங்கியது. இரண்டு தரம். பிறகு இல்லை. "பெல்ற் நனைஞ்சிருக்கும்" என்றேன். நனைந்த பெல்ற் வழுக்கினால் கீச்சென்று சத்தம் வரும். அன்று சத்தம் எதுவும் வரவில்லை. அதை யோசிக்கவில்லை.

அன்றிரவு பெரியம்மாவின் மகள் வீட்டு முற்றத்தில் வண்டியை விட்டுப் படுத்தோம். மழை விடாமல் அடித்தது. யன்னல்களைச் சாத்தியதால் விசிறி விடியும்வரை சுற்றியது, குளிர்பெட்டி ஓடியது, மருமகனின் டப்லெற், மச்சானின் லப்டொப். வீட்டுப் பற்றரி எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று மறுநாள் கணக்குப் போட்டேன். அன்றிரவே போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்

பரந்தனிலிருந்து பூநகரி, அங்கிருந்து ஏ32இல் தெற்கே இறங்கி வெள்ளாங்குளம், பிறகு உள்ளே திரும்பித் துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளம், வீடு. இதுதான் திட்டம். பூநகரியில் மதியம் சாப்பிட்டு விட்டு ஸ்ராட் செய்தபோது ஸ்ராட்டர் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றியது. "குளிருக்கு" என்றார் மச்சான். கனடாவில் இருந்து வந்தவர் வன்னிக் குளிரைக் குறைசொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்தேனே தவிர வோல்ற் மீற்றரை எடுக்கவில்லை.

ஏ32 திறந்த வெளி. மேற்கே கடல், கிழக்கே பற்றை. காற்று வண்டியின் பக்கத்தில் அறைந்தது. ஹெட்லைற், வைப்பர், கண்ணாடிப் புகையை அகற்றும் ஊதி, குளிர்பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடின. ஹெட்லைற் இரண்டுக்கும் பத்து அம்பியர் அளவு போகும். வைப்பருக்கு நாலைந்து. ஊதி முழு வேகத்தில் இன்னொரு பத்து. அத்தோடு முதல் நாள் இரவு காலியான வீட்டுப் பற்றரி, ரிலே மூடியிருப்பதால், தன் பங்குக்கு உறிஞ்சுகிறது. ஒல்டனேட்டர் ஒழுங்காக வேலை செய்தால் இது ஒரு பொருட்டே இல்லை. என் கணிப்பில் பூநகரிக்குப் பிறகு அது ஒரு அம்பியர்கூடக் கொடுக்கவில்லை. இரவு விசிறி குடித்ததையெல்லாம் வீட்டுப் பற்றரி பகலில் என்ஜின் பற்றரியிடம் வட்டியோடு வாங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளாங்குளத்தில் திரும்பும்போது வைப்பர் மெதுவாகப் போவது தெரிந்தது. மழை கூடுகிறது, அதனால் போதாமல் தெரிகிறது என்று நினைத்தேன். சிக்னல் லைற்றும் மெதுவாக மினுங்கியது. இதில் வெட்கப்பட வேண்டியது நான் மட்டும்தான். வீட்டில் ஒரு பல்ப் மங்கினால் வோல்ற்றேஜ் பார்க்க ஓடுகிற ஆள், ஓட்டுநர் ஆசனத்தில் ஏறியதும் அதையெல்லாம் மறந்துவிட்டான்.

தாம்போதி

வன்னிக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு இடத்தில் வெள்ளம் வர அங்கே மழை பெய்யத் தேவையில்லை. வவுனியாப் பக்கம் இரவு பெய்த மழை ஓடைகளிலும் குளங்களிலும் இறங்கி, ஒரு குளம் வான் பாய்ந்து அடுத்ததை நிரப்பி, மறுநாள் வடக்கிலும் மேற்கிலும் வீதியைக் கடக்கும். கனகராயன் ஆறு அப்படித்தான் இரணைமடுவுக்கு வருகிறது. பாலியாறு அப்படித்தான் வவுனிக்குளத்துக்கு வருகிறது. தூறல் குறைந்து வானம் வெளிக்கும்போது தண்ணீர் ஏறும்.

குளம் வான் பாய்கிறது, பாதையில் தண்ணீர் ஏறும் என்ற அறிவிப்புகள் ஊர்க்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கிராம அலுவலர் சொல்வார், கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், கமக்காரர் அமைப்பில் யாராவது அழைப்பார்கள். வீட்டை வண்டியில் வைத்துக்கொண்டு திரிகிற எங்களை எந்தப் பிரிவின் பட்டியலிலும் தேட முடியாது. வெள்ளாங்குளம் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று "உள்ளே பாதை எப்படி?" என்று கேட்டிருந்தால் போதும். மழை பெய்கிறது, இறங்கினால் நனைவோம் என்று கேட்காமல் விட்டோம்.

துணுக்காய்க்கு வருமுன் ஒரு ஓடையைக் கடக்கும் தாம்போதி. மண்ணிறத் தண்ணீர் வீதிக்குக் குறுக்கே இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. இரு பக்கமும் நட்ட வெள்ளைக் கட்டைகளின் மேற்பாதி தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போனது. அதைப் பார்த்துத்தான் நானும் விட்டேன். பஸ்ஸின் சில்லு என் இடுப்பளவு உயரம், அதன் எடை எங்கள் வண்டியைப் போல் பல மடங்கு, சாரதி தினமும் அந்த வழியில் போகிறவர். இவற்றில் ஒன்றும் என்னிடம் இல்லை. அரை அடித் தண்ணீர் பெரும்பாலான கார்களின் அடித்தட்டைத் தொட்டுவிடும், ஒரு அடி பல சிறு வாகனங்களை மிதக்க வைக்கும், இரண்டு அடி ஓடும் தண்ணீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும் என்று வெள்ளப் பாதுகாப்பில் சொல்வார்கள். வீடாக்கிய வானுக்குப் பக்கச் சுவர் உயரம், உள்ளே பலகையும் தொட்டியும் வைத்து மேல்பாரம் கூடியிருக்கும். தண்ணீரும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து தள்ளினால் அது தாக்குப்பிடிக்காது.

இரண்டாம் கியரில் மெல்லப் போனோம். பாதி தாண்டியதும் முன்னால் ஒரு மரக்கொப்பு மிதந்து வந்தது. பிறேக்கை மிதித்தேன். பின்னால் பிறேக் லைற் எரிந்திருக்கும். அந்தக் கணமே என்ஜின் அணைந்தது. இருமவில்லை, குலுங்கவில்லை. சாவியால் நிறுத்தியது மாதிரி நின்றது.

ஸ்ராட் பண்ணாதேங்கோ

கை தானாகச் சாவிக்குப் போயிற்று. அக்கரையிலிருந்து ஒரு தம்பி கத்தினான்: "அண்ணை, ஸ்ராட் பண்ணாதேங்கோ! சாவிய எடுங்கோ!"

அவனிடம் உழவு மெசின் இருந்தது. தண்ணீருக்குள் எங்களைச் சுற்றி வந்து, பின்பக்கம் கயிறு கட்டி, நாங்கள் வந்த வழியாகவே பின்னோக்கி இழுத்தான். முன்னோக்கி இழுக்கச் சொல்லி மச்சான் கேட்டார். துணுக்காய் அந்தப் பக்கம்தானே. "வந்த பக்கம் எவ்வளவு ஆழமெண்டு வண்டிக்குத் தெரியும். அந்தப் பக்கம் தெரியாது" என்றான். இருபது இருபத்தொரு வயதிருக்கும்.

ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று அவன் கத்தியதற்குக் காரணம் 2018 வெள்ளம். தங்கள் ஊரில் தண்ணீருக்குள் நின்ற ஒரு லொறியைத் திரும்பத் திரும்ப ஸ்ராட் செய்து என்ஜினை உடைத்ததைப் பார்த்தவன். டீசல் என்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. காற்று போகும் வழியால் சிலிண்டருக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் போனாலே போதும், பிஸ்டன் மேலே வந்து முட்டி, அதைத் தாங்கும் தண்டான கொன்ரொட் வளையும். ஸ்ராட்டரின் பலமே அதற்குப் போதுமானது. நின்ற வண்டியை நாலு தரம் ஸ்ராட் செய்து பார்க்கிற பழக்கத்தால் சின்னச் செலவு என்ஜின் செலவாகிறது.

அதனால் மேட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தண்ணீர் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பது. ஆசனத்தைத் தூக்கினோம். எயார் கிளீனரைத் திறந்தால் காகிதம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. டிப் ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் கறுப்பாக, அளவும் மாறாமல் இருந்தது. தண்ணீர் கலந்தால் பால்தேத்தண்ணி நிறமாகும், அளவும் ஏறும். டீசல் பில்ரரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் பிடித்துப் பார்த்தோம். சுத்த டீசல், கீழே தண்ணீர் தங்கவில்லை. கடைசியாக என்ஜினின் சுழல்தண்டு முனையிலுள்ள கிராங் புளியில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை. தண்ணீர் போகவில்லை என்று அப்போதுதான் உறுதியானது. இவ்வளவும் இருபது நிமிடம்.

அப்படியானால் ஏன் நின்றது? பழைய டீசல் என்ஜினுக்கு ஓட மின்சாரம் ஏறக்குறையத் தேவையில்லை. ஆனால் ஒரு இடத்தில் தேவை. இன்ஜெக்டர் பம்பில் ஒரு சிறிய சொலினொயிட், அதாவது மின்காந்த அடைப்பு, உண்டு. அதற்குக் கரண்ட் இருக்கும்வரை டீசல் வழி திறந்திருக்கும், சாவியை நிறுத்தினால் மூடும், என்ஜின் நிற்கும். சாவியால் நிறுத்தியது மாதிரி நின்றது என்று சொன்னேனே, அதன் அர்த்தம் அங்கேதான் எனக்கு உறைத்தது. மீற்றரை வைத்தேன். சாவி போட்ட நிலையில் என்ஜின் பற்றரி 9.8 வோல்ற். வீட்டுப் பற்றரியும் கிட்டத்தட்ட அதே. நிரம்பிய பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், 11.8க்கு வந்தாலே காலி என்பார்கள். கடைசிச் சொட்டில் ஓடிக்கொண்டிருந்த பற்றரியை அந்த இரண்டு பிறேக் லைற்றும் இழுத்துக் கீழே தள்ளியிருக்கின்றன. சொலினொயிட் விழுந்தது. டீசல் மூடியது.

சார்ஜ் ஆகவில்லை என்றால் பற்றரி லைற் எரிந்திருக்க வேண்டுமே என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்: லைற் எரியேல்லையே, எரியேல்லையே. பக்கத்து ஆசனத்தில் இருந்த மருமகன்தான் டாஷ்போர்டைக் காட்டினான். "மாமா, சாவி போட்டா எல்லா லைற்றும் வரும் தானே? ஒயில் படம் வந்திருக்கு. பற்றரிப் படம் ஏன் வரேல்ல?"

சாவியைப் போட்டு ஸ்ராட் செய்யுமுன் அந்த லைற் கட்டாயம் எரிய வேண்டும். எரியாவிட்டால் லைற்றுக்கு வரும் வழி அறுந்திருக்கிறது. அந்த வழி போவது ஒல்டனேட்டரின் மூன்று முனைப் பிளக்குக்கு. அதே பிளக்கில்தான் ஒல்டனேட்டரை எழுப்பும் கரண்டும் போகிறது. பிளக் கழன்றால் ஒல்டனேட்டரும் தூங்கும், அது தூங்குகிறது என்று சொல்ல வேண்டிய லைற்றும் தூங்கும். கிளிநொச்சியில் இரண்டு தரம் மினுங்கிவிட்டு அது அணைந்ததை நல்ல சகுனமாக எடுத்தவன் நான்.

ஆசனத்துக்குக் கீழே கையை விட்டேன். ரேப் ஈரத்தில் பசை விட்டு வழுவழுத்துக் கிடந்தது. பிளக் பாதி வெளியே. முனைகளில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு.

இரவு

மணி ஐந்தை நெருங்கியது. கார்த்திகையில் ஆறுக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். காப்புறுதி நிறுவனத்தின் வீதியோர உதவிக்கு அழைத்தோம். பாதை வடிந்தபின்தான் வாகனம் அனுப்ப முடியும் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. மெசின் பற்றரியில் ஜம்பர் வயர் போட்டு ஸ்ராட் செய்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பலாம் என்று மச்சான் சொன்னார். ஓடியிருக்கும்தான். ஆனால் ஹெட்லைற்றும் வைப்பரும் போட்டால் சில கிலோமீற்றரில் மறுபடி நிற்கும். போடாமல் அந்த மழையில் ஓட்ட முடியாது. பற்றைக் காட்டு வீதியில் இருட்டில், லைற் இல்லாமல், யானை நடமாடும் நேரத்தில் நிற்பதைவிட ஆட்கள் இருக்கும் இடத்தில் நிற்பது மேல். இந்தப் பயணத்தில் நாங்கள் சரியாக எடுத்த முதல் முடிவு இது.

அங்கே ஒரு வயதான ஐயா கோயில் வளவைக் காட்டினார். "அது மேடு தம்பி. எழுபது வருசத்தில அங்க தண்ணி ஏறி நான் காணேல்ல." மெசின் இழுத்துவிட்டது. ஒரு கம்பைத் தண்ணீரின் விளிம்பில் நட்டு மணிக்கொரு தரம் ரோச் அடித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். மனதின் பயம் இரவில் தண்ணீரை இரண்டு மடங்காகக் காட்டும். கம்பு அப்படிக் காட்டாது. எட்டு மணிக்கு ஒரு சாண் ஏறியிருந்தது. பதினொன்றுக்கு அசையவில்லை. இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கியது.

வளவை விட்டு இருட்டில் பற்றைக்குள் போக வேண்டாம் என்றும் சொன்னார். பாம்புக்காக என்று மச்சான் நினைத்தார். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. வெள்ளம் மண்ணை அரித்தால் பழையதெல்லாம் மேலே வரும். மருமகனுக்கு இதை விளக்கிச் சொல்ல நேரம் எடுத்தது.

வண்டிக்குள் குளிர். அடுப்பைச் சும்மா எரியவிட்டால் கொஞ்சம் சூடு வரும் என்று ஒரு யோசனை எழுந்தது. யன்னல் சாத்திய வானுக்குள் அடுப்பு எரிவது என்ஜின் உடைவதைவிட மோசமான விபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைத் திறந்துவைத்துத் தேத்தண்ணி போட்டதோடு அடுப்பை மூடினோம். "இஞ்சாருங்கோ, இனி வீட்டு வானும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்று மனைவி சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண், 1990 அம்புலன்ஸ். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். கைபேசியில் மிச்சமிருந்த சார்ஜை ஒரே கைபேசிக்கு என்று ஒதுக்கி மற்றவற்றை அணைத்தோம்.

காலை

விடிந்ததும் மழை ஓய்ந்தது. பிளக்கைக் கழற்றிக் கத்தி நுனியால் முனைகளைச் சுரண்டி, நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்து, துணியால் துடைத்து, இறுக்கிச் சொருகினேன். இந்த முறை ரேப் இல்லை. கேபிள் ரை இரண்டு போட்டு ஒல்டனேட்டரின் உடம்போடு கட்டினேன். பிறகு வீட்டுப் பற்றரியின் பியூஸைக் கழற்றினேன். இதை மறந்தால் மெசின் கொடுக்கிற கரண்டில் பாதியை வீட்டுப் பற்றரி விழுங்கிவிடும்.

எட்டு மணிக்குத் தம்பி மெசினோடு வந்தான். சிவப்பு வயர் நேருக்கு நேர். கறுப்பு வயரின் எங்கள் பக்க முனையைப் பற்றரியில் போடாமல் என்ஜினின் வெறும் இரும்பில் மாட்டினோம். பற்றரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. பத்து நிமிடம் மெசினை ஓடவிட்டுவிட்டுச் சாவியைப் போட்டேன். பற்றரிப் படம் எரிந்தது. மருமகன் கைதட்டினான். ஸ்ராட் ஆனது, படம் அணைந்தது, மீற்றரில் 14.2.

அப்புறமும் வண்டி நகரவில்லை. பின் சில்லு ஒன்று இறுகிக் கிடந்தது. ஈரமான டிரம்மோடு ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இரவு முழுக்க நிறுத்தினால் பிறேக் லைனிங் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்ததும் 'டக்' என்று விட்டது.

தாம்போதியில் தண்ணீர் முழங்காலுக்கு வெகு கீழே வந்துவிட்டிருந்தது. ஆனாலும் உடனே இறங்கவில்லை. வெள்ளைக் கட்டைகளின் அடி தெரியும்வரை பதினொரு மணியாயிற்று. தம்பி ஒரு தடியோடு முன்னால் நடந்து ஓரம் அரித்திருக்கிறதா என்று பார்த்தான். வலப்பக்கம் ஒரு இடத்தில் தாருக்குக் கீழே வெறுமையாக இருந்தது. முதல் நாள் நாங்கள் நின்ற இடத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி. அதைப் பார்த்தபின் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

தம்பி காசு வாங்கவில்லை. மெசினுக்கு டீசல் அடிக்க மட்டும் ஒத்துக்கொண்டான். எங்கள் ஜம்பர் வயர் நல்லதென்று பார்த்துக்கொண்டிருந்தான், அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வவுனியாவில்

மூன்று நாள் கழித்துக் கராஜில் அடியைப் பார்க்கச் சொன்னேன். பின் அச்சின் டிபரன்சல், அதாவது சில்லுகளைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி, ஒயிலைத் திறந்தபோது பால்தேத்தண்ணியாகவே வந்தது. ஓடிச் சூடான டிபரன்சல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுவிடும் சிறு துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, சத்தமும் வராது, சில மாதம் கழித்துப் பல்லைத் தின்ற பிறகுதான் தெரியவரும். கியர்பொக்ஸ் ஒயில் தப்பியிருந்தது. சில்லு மட்டத்துக்குத் தண்ணீரில் இறங்கிய எந்த வண்டிக்கும் இந்த இரண்டையும் திறந்து பார்க்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி. கராஜ்காரர் "அதெல்லாம் தேவையில்லை அண்ணை" என்றுதான் முதலில் சொன்னார்.

பிளக்கைப் புதிதாக, ரப்பர் வளையத்தோடு போட்டேன். ரிலேயை முதலிலேயே செய்திருக்க வேண்டியபடி சார்ஜ் வயருக்கு மாற்றினேன்; இனி ஒல்டனேட்டர் தூங்கினால் வீட்டுப் பற்றரி தானாகப் பிரிந்துகொள்ளும். டாஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ற் மீற்றர். ஓடும்போது 13.5க்குக் கீழே போனால் நிறுத்திப் பார்ப்பது என்று மச்சானோடு ஒரு ஒப்பந்தம். மச்சான் கனடாவுக்குப் போய்விட்டார். டிபரன்சலும் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் இரண்டு நாளாக, நாற்பதுக்கு மேலே போனால் பின் இடது சில்லில் ஒரு முனகல் கேட்கிறது. பெயரிங்குக்குள்ளும் அந்தத் தண்ணீர் போயிருக்க வேண்டும். வருகிற ஞாயிறு கழற்ற இருக்கிறேன்.